லேசிக், பிஆர்கே, ஸ்மைல்: கருவிழிக்குள் மூன்று வழிகள்

கண்ணாடியைத் தவிர்க்கச் செய்யும் இந்த மூன்று லேசர் சிகிச்சைகளிலும் நடப்பது ஒன்றுதான்: கருவிழியின் (கண்ணின் முன்புறத் தெளிந்த படலமான கார்னியாவின்) வளைவை மாற்றி, ஒளி விழித்திரையில் சரியாகக் குவியும்படி செய்வது. மைனஸ் பவர் என்றால் அதன் நடுப்பகுதியைச் சற்றுத் தட்டையாக்க வேண்டும். அந்த இடத்தில் கருவிழியின் தடிமன் சராசரியாக 540 மைக்ரான், அதாவது அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல். அதற்குள் எப்படி நுழைகிறார்கள் என்பதில்தான் வேறுபாடு. பெரும்பாலும் மரத்துப்போகச் சொட்டு மருந்து மட்டும் போதும், விழித்தபடியே படுத்திருக்கலாம்.

லேசிக்கில், மிக மிகக் குறுகிய ஒளித்துடிப்புகளால் வெட்டும் ஃபெம்டோசெகண்ட் லேசர் சுமார் 110 மைக்ரான் ஆழத்தில் ஒரு மெல்லிய மடலை வெட்டுகிறது. கண்ணை உறிஞ்சிப் பிடிக்கும் வளையத்தால் அப்போது சில நொடிகள் பார்வை மங்கும் அல்லது இருண்டுவிடும். இதை முன்பே தெரிந்துகொண்டால் பயம் பாதியாகக் குறையும். மருத்துவர் மடலைப் புத்தக அட்டை போலத் திருப்பியதும், 193 நானோமீட்டர் புற ஊதா ஒளியான எக்ஸைமர் லேசர் உள்ளடுக்கைச் செதுக்குகிறது. மயிர் பொசுங்கும் வாசனை வரும். ஆனால் கண்ணில் எதுவும் எரிவதில்லை. சுற்றிலும் சூடு பரவாமல் திசுவைச் செதுக்கும் இந்தப் பண்பை 1981-இல் ஐபிஎம் ஆய்வகத்தில் ரங்கசாமி சீனிவாசனும் சகாக்களும் கண்டறிந்தார்கள். இத்துறைக்கே அடித்தளம் அதுதான். மடலை மூடினால் தையலின்றி ஒட்டிக்கொள்ளும். மறுநாளே பெரும்பாலோருக்குப் பார்வை தெளிந்துவிடும். ஆனால் நரம்பிழைகள் அறுபடுவதால் சில மாதங்கள் கண் உலரும். பலத்த அடி பட்டால் பல ஆண்டுகள் கழித்தும் மடல் நகரக்கூடும்.

பிஆர்கேவில் மடலே கிடையாது. மேற்புறத்தின் 50 மைக்ரான் செல் அடுக்கை நீக்கிவிட்டு, அதே எக்ஸைமர் லேசரை அங்கேயே செலுத்துகிறார்கள். அடுக்கு மீண்டும் வளர நான்கைந்து நாள் ஆகும். அதுவரை பாதுகாப்பு லென்ஸ், நல்ல வலி, கண்ணீர். பார்வை முழுதாய்த் தெளியப் பல வாரம் பிடிக்கும்.

ஸ்மைலில் ஃபெம்டோசெகண்ட் லேசர் மட்டுமே. கருவிழிக்குள்ளேயே சின்ன வில்லை வடிவில் வெட்டி, 2 முதல் 4 மில்லிமீட்டர் கீறல் வழியே உருவி எடுப்பார்கள். உலர்வு குறைவு. பின்னாளில் மிச்சப் பவரைத் திருத்த வேண்டி வந்தால் பெரும்பாலும் பிஆர்கேதான்.

எவ்வளவு சீக்கிரம் வேலைக்குத் திரும்பலாம் என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, வெட்டிய பிறகு அடியில் எத்தனை மைக்ரான் மிஞ்சும் என்பது; அது மிகவும் குறைந்தால் கருவிழி வலுவிழக்கும். ஒரு பவரைக் குறைக்க ஏறக்குறைய 12 முதல் 15 மைக்ரான் போகும். 490 மைக்ரான் கருவிழி, மைனஸ் 8 பவர் என்று வையுங்கள். லேசிக்கில் மடலுக்கு 110, செதுக்க 120, மிஞ்சுவது 260. குறைந்தது 250 வேண்டும் என்பது நெடுநாள் வரையறை. பல மருத்துவர்கள் 300-க்குக் கீழே இறங்கத் தயங்குவார்கள். அதே கண்ணுக்குப் பிஆர்கே செய்தால், செல் அடுக்கின் 50-ஐயும் செதுக்கும் 120-ஐயும் கழித்து 320 மிஞ்சும். இப்படிப்பட்டவருக்கு அந்த நான்கு நாள் வலியைத்தான் நான் பரிந்துரைப்பேன்.

கருவிழி மெலிந்து கூம்பாகத் துருத்தும் கெரட்டோகோனஸின் சாயல் ஸ்கேனில் தெரிந்தால், மெல்லிய கண்ணுக்கு ஏற்ற பிஆர்கே உட்பட, பார்வையைத் திருத்துவதற்காக மட்டும் இவற்றில் எதையும் செய்துகொள்ளக் கூடாது.