மெல்லிய தகடா, கனத்த எஃகா: எந்த ஸ்மோக்கர் வாங்கலாம்?

டெக்சாஸ் பாணியில் கொல்லைப்புறத்தில் இறைச்சியைப் புகையில் வேகவைக்க, பக்கவாட்டில் நெருப்பறை உள்ள ஆஃப்செட் ஸ்மோக்கரைத்தான் பலரும் தேடுகிறார்கள். சில நூறு டாலருக்கு மெல்லிய தகட்டில் கிடைக்கும். கால் அங்குல எஃகு என்றால் ஆயிரம் டாலரைத் தாண்டிவிடும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

நெருப்பு மூட்டிய பிறகுதான் வித்தியாசம் தெரியும். பெரிய பிரிஸ்கட்டுக்கு, அதாவது மாட்டின் நெஞ்சுக்கறிக்கு, 225 முதல் 250 டிகிரி ஃபாரன்ஹீட் சூடு பத்து மணி நேரத்துக்கு மேலும் நிலையாக வேண்டும். அப்போதுதான் கறியை இறுக்கிப் பிடித்திருக்கும் கொலாஜன் என்ற புரதம் ஜெலட்டினாக மாறி, கறி மிருதுவாகும். மெல்லிய தகடு சூட்டைப் பிடித்து வைக்காது. காற்றடித்தால் இறங்கும், ஒரு விறகு கூடினால் எகிறும். மூடி ஓரத்தில் புகையும் கசியும். கனத்த எஃகு மெதுவாகத்தான் சூடேறும். ஏறிவிட்டால் லேசில் இறங்காது. நீங்களும் கொஞ்சம் உட்காரலாம். தூக்கி நகர்த்தத்தான் ஆள் வேண்டும்.

மலிவானதன் மூடியில் இடைவெளியை அடைக்கும், வெப்பம் தாங்கும் கேஸ்கட் பட்டை ஒட்டினால் கசிவு குறையும். தகட்டின் கனத்தை மட்டும் கூட்ட முடியாது.

எப்போதாவது கோழி, விலா எலும்பு என்றால் மலிவானதே போதும், சில மணி நேர வேலைதான். அடிக்கடி பிரிஸ்கட் செய்பவர் காசு சேர்த்துக் கனத்ததை வாங்குவதே சரி. அதற்குப் பணம் எட்டாவிட்டால், மெல்லிய ஆஃப்செட்டைவிட வெபர் ஸ்மோக்கி மவுண்டன் போன்ற, கரியில் எரியும் செங்குத்து ஸ்மோக்கரையே நான் சொல்வேன். அதிலுள்ள தண்ணீர்த் தட்டு சூட்டை நிலையாக வைக்க உதவும்.