எண்ணெய்க் கிணறு, வைரச் சுரங்கம், தையல் ஆலை: உள்ளூர்க்காரருக்கு எது மிஞ்சியது?

நைஜீரியாவின் ஒலோய்பிரி கிராமத்தில் 1956-ல் எண்ணெய் கிடைத்தது. தோண்டியது ஷெல்-பிபி கூட்டு நிறுவனம். 1958-ல் ஏற்றுமதியும் தொடங்கிவிட்டது. இருபது சொச்ச ஆண்டுகளில் கிணறுகள் கைவிடப்பட்டன. ஊர் ஏழையாகவே கிடந்தது. எண்ணெய்த் தொழிலின் அமைப்பு அப்படி. முதலீடு மலை போல வரும், ஆனால் வேலைக்கு ஆள் அதிகம் வேண்டாம். இயந்திரமும் பொறியாளரும் வெளியிலிருந்து வருவார்கள், எடுத்தது குழாய் வழியே கடலுக்குப் போய்விடும். உள்ளூரில் தங்குவது கசிவு. ஒலோய்பிரி இருக்கும் அதே நைஜர் ஆற்று டெல்டாவில் உள்ள ஒகோனி பகுதியை முழுதாகச் சரிசெய்ய 25 முதல் 30 ஆண்டுகள் ஆகலாம் என்று ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு 2011-ல் சொன்னது. மீனையும் வயலையும் நம்பிப் பிழைப்பவருக்கு அது பாதி ஆயுள்.

சரி, மண்ணுக்கடியில் இருப்பதை வெளியார் தோண்டினாலே இந்தக் கதிதானா? போட்ஸ்வானா வேறு மாதிரி போனது. 1966-ல் விடுதலை பெற்றபோது உலகின் மிக ஏழை நாடுகளில் ஒன்று அது. மறு ஆண்டே டி பியர்ஸ் என்ற வெளிநாட்டு வைர நிறுவனம் ஒராபா என்ற இடத்தில் வைரம் கண்டது. அதிபர் செரெட்சே காமாவின் சொந்த இனக்குழுவின் நிலம் அது. ஆனாலும் கனிம உரிமை நாடு முழுவதற்கும் பொதுவாக்கப்பட்டது. அப்புறம் பேரம் பேசிப் பேசி, டி பியர்ஸோடு கூட்டாக வைரம் தோண்டும் டெப்ஸ்வானா நிறுவனத்தில் அரசு சரிபாதிப் பங்கை வாங்கியது. அந்தப் பணம் சாலையாகவும் பள்ளியாகவும் மாறியது. வைரத்தாலும் பலருக்கு வேலை கிடைக்கவில்லை என்பதையும், ஏற்றத்தாழ்வு இன்றும் மிகக் கடுமை என்பதையும் மறைக்க முடியாது.

என் மனம் அதிகம் நிற்பது வங்கதேசத்தில். தென்கொரியத் துணி ஏற்றுமதிக்குப் பணக்கார நாடுகள் கோட்டா விதித்திருந்த காலம். கோட்டா இல்லாத இடம் தேடி வந்த டேவூ நிறுவனம், தேஷ் என்ற உள்ளூர் நிறுவனத்தோடு கைகோத்தது. 1979-ல் 130 பேர் தென்கொரியாவின் பூசான் நகரத்துக்குப் பயிற்சிக்குப் போனார்கள். வெட்டுவது, தைப்பது மட்டுமா? தரம் பார்ப்பது, ஆர்டர் பிடிப்பது, ஏற்றுமதித் தாள்களை நகர்த்துவது எல்லாம் கற்றார்கள். சில ஆண்டுகளுக்குள் அவர்களில் 115 பேர் தேஷை விட்டு விலகி, சொந்த ஆலை தொடங்கினார்கள் அல்லது புதிய ஆலைகளில் சேர்ந்தார்கள். எண்ணெயைப் போல இதைக் குழாயில் கொண்டுபோக முடியவில்லை. இன்று அந்தத் தொழிலில் சுமார் 40 லட்சம் பேர், பெரும்பாலும் பெண்கள். கிராமத்தில் கையில் காசே பார்க்காத பெண்ணுக்குச் சொந்தச் சம்பளம் என்பது சின்ன விஷயமில்லை.

ஆனால் அந்தச் சம்பளத்துக்கு என்ன விலை கொடுத்தார்கள்? 2013 ஏப்ரல் 24 அன்று தையல் ஆலைகள் இயங்கிய ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100-க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். முந்தைய நாளே சுவரில் விரிசல். கீழ்த்தளத்து வங்கி மூடிக்கொண்டது; தையல்காரர்களை மட்டும் உள்ளே போகச் சொன்னார்கள். வெளிநாட்டு பிராண்டுகள் நேரடி முதலாளிகள் இல்லை என்பதால் கைகழுவ வழி இருந்தது. மலிவாகவும் சீக்கிரமாகவும் வேண்டும் என்று நெருக்கியது அவர்கள்தான் என்பதால் அந்தச் சாக்கை என்னால் ஏற்க முடியவில்லை. அடுத்த மாதம், சட்டப்படி கட்டுப்படுத்தும் பாதுகாப்பு ஒப்பந்தத்தில் பல பிராண்டுகள் கையெழுத்திட்டன. தொழிலாளர்கள் தெருவில் இறங்கிப் போராடிய பிறகு, அந்த ஆண்டு இறுதியில் குறைந்தபட்ச மாத ஊதியம் 3,000 டாக்காவிலிருந்து (வங்கதேச நாணயம்) 5,300 ஆனது.