லாங்கு பஜார் பின்சந்தில் ஒரு பைண்டிங் கடை

மதிப்புரைக்கென்று எனக்கு வரும் புத்தகங்களில் பாதி, நான் எழுதி முடிப்பதற்குள்ளேயே பிரிந்துவிடும். முதுகில் வெறும் கோந்து, நூலே கிடையாது. வேலூர் வெயிலில், அதுவும் மொட்டைமாடி அறையில், ரெண்டு கோடை தாங்கினால் பெரிய விஷயம். குறிப்பெடுக்க விரித்து ஒரு அழுத்து அழுத்தினால் 'டப்'பென்று சத்தம். நாலு தாள் கையோடு வரும்.

அப்படிப் பிரிந்த ஏழு புத்தகங்களைக் கட்டைப்பையில் போட்டுக்கொண்டு லாங்கு பஜாருக்குப் பின்சந்தில் உள்ள பைண்டிங் கடைக்குப் போனேன். பத்துக்குப் பத்து அறை. ஒரு பெரியவர், கூட ஒரு பையன். கணக்குப் பேரேடும் ரெக்கார்டு நோட்டும்தான் அவர்களுக்குச் சோறு போடுகிறது.

பெரியவர் தலைப்பைப் பார்ப்பதில்லை. முதுகைத் தடவிப் பார்க்கிறார். 1961-இல் சாகித்திய அகாதெமி விருது வாங்கிய நம்ம ஜில்லாக்காரர் மு.வ.வின் 'அகல் விளக்கு' பழைய பிரதியை எடுத்ததும் முகமே மாறிவிட்டது. "இது ஃபாரம் ஃபாரமா தெச்சது சார். எத்தினி வாட்டி வேணா பிரிச்சித் தைக்கலாம்." பதினாறு பக்கம் ஒரு ஃபாரம். மடிப்பின் நடுவில் ஊசி ஏறுவதால், தைத்து வந்த புத்தகம் மேசையில் மல்லாந்து படுக்கிறது. புதுப் புத்தகங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. எல்லாம் உதிரித் தாள். ஓரத்தில் துளை போட்டுத்தான் தைக்க முடியும். உள்பக்கம் அரை அங்குலம் அதிலேயே போய்விடும், தடித்த நாவலென்றால் வரியை எட்டிப் பார்த்துப் படிக்க வேண்டும். இதைக் காசு வாங்கும் முன்பே சொல்லிவிட்டார்.

பசை அங்கேயே காய்ச்சுகிறார்கள்: மைதா, பூச்சி அண்டாமலிருக்கக் கொஞ்சம் மயில்துத்தம். காலிகோ துணி முதுகும் கெட்டி அட்டையும் சேர்த்துப் புத்தகத்துக்கு 150 ரூபாய். நாலு நாளில் தருவதாகச் சொன்னது பதினோரு நாளானது. அதைக்கூட விடலாம்.

வீட்டுக்கு வந்து பிரித்தபோதுதான் வயிறு எரிந்தது. விளிம்பு நேராக இருக்கட்டுமென்று மெஷினில் கால் அங்குலம் வெட்டிவிட்டார்கள். என் பென்சில் குறிப்பெல்லாம் அங்கேதான். இடப்பக்கக் குறிப்புகளுக்குத் தலை போச்சு, வலப்பக்கத்துக்கு வால். ஒரு நாவலின் கடைசி அத்தியாயத்தில் நான் எழுதியிருந்தது 'சரியில்லை'. மிச்சம் இருப்பது 'சரி'. ஆசிரியர் பார்த்தால் குளிர்ந்துபோவார்.

போய்க் கேட்டேன். "பிசிறா இருந்துச்சி சார், ஒரு இழுப்பு இழுத்துட்டேன். ஓரத்துல யாராவது எழுதுவாங்களா?" என்றார். நான் எழுதுவேன் என்றேன். ஒரு நிமிஷம் பேசாமல் இருந்துவிட்டு, கடையில் வெட்டி மிஞ்சிய துண்டுத் தாள்களை அடுக்கித் தைத்த சின்ன பேடு ஒன்றைக் கொடுத்தார். காசு வேண்டாமாம்.

அந்த பேடுதான் கடையின் சிறந்த சரக்கு என்பேன். உள்ளங்கை அளவு, பின்னால் தடித்த அட்டை. சினிமா விமர்சனத்துக்குத் தியேட்டர் இருட்டில் தொடையில் வைத்துக் குறிப்பெழுத, அட்டை வளைவதில்லை. இடைவேளைக்குள் எனக்குப் பத்துத் தாள் ஆகும். வரிமேல் வரி ஏறிக்கிடந்தாலும், பக்கத்து சீட்டுக்காரர் முகத்தில் செல்போன் வெளிச்சம் அடிப்பதைவிட மேல்.

இன்னும் ஒன்பது புத்தகம் பையில் கட்டி வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றிலும் முதல் பக்கத்தில் 'வெட்டக் கூடாது' என்று சிவப்பு மையில் எழுதியாகிவிட்டது. பக்கத்தின் நடுவில்.