பெறாமகளுக்கு ஓமோன் கிறீம் அனுப்புவதற்கு முன்

கனடாவிலிருந்து ஊருக்குப் போகும் பெட்டிகளில் சொக்லேட்டோடும் சோப்போடும் இப்போது ஓமோன் கிறீமும் போகிறது. "இயற்கை ஓமோன், பக்கவிளைவு இல்லை" என்று விளம்பரத்தில் பார்த்து, மாதவிடாய் ஒழுங்கில்லாத பிள்ளைகளுக்கு வாங்கி அனுப்புகிறார்கள். என் பெறாமகளுக்கும் ஓர் உறவு அப்படி அனுப்பியிருந்தது. அவளுக்கு 22 வயது. இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் வரும். வந்தால் கட்டி கட்டியாகப் போகும், எழும்ப முடியாத வயிற்று நோ. கம்பஸ் சோதனை ஒன்றையே இதனால் தவறவிட்டாள். கிறீமைப் பூசுவதற்கு முன் காரணத்தைக் கண்டுபிடிப்போம் என்று, இந்தமுறை யாழ்ப்பாணத்தில் நின்றபோது அவளைக் கூட்டிக்கொண்டு திரிந்தேன்.

காசில்லாதவர்களுக்கும் அங்கே வழி இருக்கிறது. யாழ் போதனா வைத்தியசாலையில் பெண்நோயியல் சிகிச்சை இலவசம்; வெளிநோயாளர் பிரிவில் காட்டினால் கிளினிக்குக்கு எழுதித் தருவார்கள். 35 வயதைத் தாண்டியவர்களுக்குச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளின் சுகவனிதையர் கிளினிக் இருக்கிறது. கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்ச் சோதனை, மார்புப் பரிசோதனை, பிரஷர், சீனி எல்லாம் பார்ப்பார்கள். தங்கச்சி இத்தனை வருடமாக அங்கே போகவே இல்லை. பேசித்தான் அனுப்பினேன்.

எனக்கு லீவு குறைவு என்பதால் பிள்ளைக்குத் தனியாரிடம் சனல் பண்ணினோம், அதாவது காசு கட்டி நம்பர் எடுத்தோம். விசேட வைத்தியர்கள் அரச வேலை முடிந்து பின்னேரம்தான் வருவார்கள். நம்பர் பின்னுக்கு என்றால் இரவாகிவிடும், சாப்பிட்டுவிட்டுப் போங்கள். முதலில் போன இடம் சரியில்லை. கவுண்டரில் நின்றவர் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி "என்ன வருத்தம்? கலியாணம் முடிச்சதோ?" என்றார். உள்ளே, பிள்ளை சொல்லி முடிப்பதற்குள் மருந்துத் துண்டு எழுதியாகிவிட்டது. "கலியாணம் கட்டினாச் சரிவரும்" என்ற பதிலும் கிடைத்தது. எனக்கு இப்போதும் ஆத்திரம் வருகிறது. நோவோடு வந்த பிள்ளைக்கு இதுவா வைத்தியம்?

அடுத்ததாகப் பார்த்த வி.ஓ.ஜி. (மகப்பேற்று, பெண்நோயியல் விசேட வைத்தியர்) ஒரு பெண். என்னை வெளியே இருக்கச் சொல்லிவிட்டுப் பிள்ளையோடு தனியாகக் கதைத்தார். பிறகு என்னையும் கூப்பிட்டு, "பிள்ளை, முகத்தில முடி, பரு கூடவோ? நிறை ஏறினதோ?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். தைரொயிட், புரொலக்டின் (பால் சுரக்க வைக்கும் ஓமோன்), எச்பி (இரத்தத்தின் ஈமோகுளோபின் அளவு) பார்க்க இரத்தப் பரிசோதனையும் ஸ்கானும் எழுதினார். கலியாணம் ஆகாதவர்களுக்கு வயிற்றின் மேலால்தான் ஸ்கான் செய்கிறார்கள். அதற்குச் சலப்பை நிறைந்திருக்க வேண்டும், தண்ணீர்ப் போத்தலோடு போங்கள்.

தைரொயிட்டும் புரொலக்டினும் சரி, எச்பி குறைவு. ஸ்கானில் சூலகங்களில் சின்னச் சின்ன நுண்குமிழ்கள் நிறைய. ஸ்கானை மட்டும் வைத்து பிசிஓஎஸ் (சூலகத்தில் பல நுண்குமிழ்களோடு ஓமோன் குழம்பும் நிலை) என்று முடிவு கட்டக்கூடாதாம். ஒழுங்கற்ற மாதவிடாய், ஆண் ஓமோன் கூடியதற்கான அறிகுறி, சூலகத்தின் தோற்றம் ஆகிய மூன்றில் குறைந்தது இரண்டு வேண்டும் என்பது 2003இல் ரொட்டர்டாமில் வகுத்த அளவுகோல். இவளுக்குப் பொருந்தியது.

டொக்டர் விளக்கியது எனக்கு நன்றாக மனதில் நின்றது. முட்டை வெளியேறிய பிறகுதான் சூலகத்தில் மஞ்சட்சடலம் உண்டாகி, கருப்பை உட்சுவரைக் கட்டுப்பாட்டில் வைக்கும் புரொஜெஸ்தரோன் என்ற ஓமோனைச் சுரக்கும். முட்டை வெளியேறாத மாதங்களில் ஈஸ்திரஜன் மட்டும் கருப்பை உட்சுவரைத் தடிக்க வைத்துக்கொண்டே போகும். கடைசியில் அது கட்டுப்பாடில்லாமல் கழன்று வரும். கருப்பையை இறுக்கி நோ வரச்செய்வது புரொஸ்டகிளாண்டின் என்ற பொருள். மெபெனமிக் அசிட் குளிசை அது உண்டாவதைக் குறைப்பதால், நோ உச்சத்துக்கு ஏறும்வரை பல்லைக் கடித்துக்கொண்டிராமல் தொடங்கியவுடனேயே சாப்பாட்டுக்குப் பிறகு போட வேண்டும். எங்கள் பிள்ளைகள் கடைசிவரை தாங்கிவிட்டுத்தான் குளிசையைத் தேடுகிறார்கள்.

கிறீமையும் காட்டினோம். மேலே காட்டுக்கிழங்குச் சாறு என்று போட்டிருந்தது. எங்கள் ராசவள்ளியின் இனத்துக் கிழங்குதான். 1940களில் ரசல் மார்க்கர் என்ற வேதியியலாளர் மெக்சிக்கோவில் அப்படியான கிழங்கிலிருந்து டயோஸ்ஜெனின் என்ற பொருளை எடுத்துப் புரொஜெஸ்தரோன் செய்தார். ஆனால் அந்த மாற்றம் ஆய்வுகூடத்தில் நடந்தது. மனித உடம்பால் அதைச் செய்ய முடியாது. கிழங்குச் சாற்றைப் பூசினாலும் ராசவள்ளிக் கஞ்சி குடித்தாலும் ஓமோன் கிடைக்காது. உண்மையான புரொஜெஸ்தரோன் கலந்த கிறீம் என்றாலும், தோல் வழியாக உள்ளே போகும் அளவு கருப்பை உட்சுவரைக் காக்கப் போதும் என்று நம்ப முடியாது.

அதற்காக இயற்கை ஓமோன் என்பதே பொய்யில்லை. உடம்பில் சுரக்கிற அதே மூலக்கூறை நுண்ணிதாக்கிய கப்சியூலாகத் தருகிறார்கள். இவளுக்கு 200 மில்லிகிராம், இரவில், 12 நாள். நித்திரைத் தூக்கம் தரும் என்பதால்தான் இரவு. நிறுத்திச் சில நாளில் மாதவிடாய் வரும். இது கருத்தடை மருந்து அல்ல. நல்லூர்த் திருவிழாவுக்கு நாள் தள்ளிப்போட ஊரில் வாங்கிப் போடுகிற நோரெதிஸ்தரோன் வேறு சாமான். அது செயற்கையாகச் செய்தது. செயற்கை என்பதற்காக அதைத் தள்ளிவைக்கவும் வேண்டாம், சிலருக்கு அதுவே பொருத்தம் என்றார். மூன்று மாதமாகியும் நோ குறையாவிட்டால் எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பை உட்சுவர் போன்ற இழையம் கருப்பைக்கு வெளியே வளரும் வருத்தம்) இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அது ஸ்கானில் தெரியாமலும் போகலாம்.

அம்மா விடவில்லை, சித்த வைத்தியரிடமும் காட்டினோம். நாடி பார்த்து, சாப்பாடும் நித்திரையும் விசாரித்தார். உழுத்தங்களியும் நல்லெண்ணெயும் நல்ல சாப்பாடு, தாராளமாகக் கொடுங்கள். ஆனால் எச்பி குறைந்த பிள்ளைக்கு இரும்புக் குளிசையும் வேண்டும்.

மருந்து வாங்கும்போது கம்பனிப் பெயரை நம்பி அலையாதீர்கள், கனடாவில் ஒன்று, ஊரில் இன்னொன்று. மருந்தின் பெயரையும் அளவையும் எழுதிக்கொண்டு போங்கள். சில புரொஜெஸ்தரோன் கப்சியூல்களில் கச்சான் (வேர்க்கடலை) எண்ணெய் சேர்க்கிறார்கள். கச்சான் ஒத்துவராதவர்கள் அதைப் பார்மசியில் கேட்டுவிட்டே வாங்க வேண்டும்.