துபாய்க்கு ஊர்ச் சேதி: வாய்ஸ் மெசேஜா, வீடியோ காலா?

வீட்டுக்காரரோ பிள்ளையோ துபாயில் இருக்கும் வீடுகளில் இந்தக் கேள்வி ஓயாது.

செலவு: வாய்ஸ் மெசேஜுக்கு டேட்டா கொஞ்சம்தான். வீடியோவுக்கு அதிகம். போதாததற்கு அமீரகத்தில் வாட்ஸ்அப் கால் பொதுவாகப் போகாது. போட்டிம் மாதிரி அனுமதி பெற்ற செயலி இரண்டு பக்கமும் வேண்டும்.

நேரம்: நமக்கு இரவு ஒன்பது என்றால் அங்கே ஏழரை. ரூமில் அன்று சமையல் முறை அவருடையது என்றால் கால் எடுக்க மாட்டார். வாய்ஸ் மெசேஜை வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்பார்.

சேதி: வாய்ஸில் அம்மா நிதானமாகச் சொல்வார்: பசு கன்று போட்டது, மாமா வீட்டு நிச்சயதார்த்தம், ரேஷனில் பருப்பு இன்னும் வரவில்லை. வீடியோவில் பாதி நேரம் "கேக்குதா, தெரியுதா?" என்றே போய்விடும். ஆனால் குழந்தை தத்தித் தத்தி நடப்பதைக் குரலில் எப்படிக் காட்டுவது?

சேமிப்பு: வாய்ஸ் போனில் கிடக்கும், மறுபடி கேட்கலாம். கால் பேசியதோடு சரி.

அன்றாடச் சேதிக்கு வாய்ஸ் போதும். கைக்குழந்தை இருக்கும் வீட்டில் விடுமுறை நாள் வீடியோவைத் தவறவிடாதீர்கள். கடன், நோய், சண்டை எதையும் வாய்ஸில் போடவே வேண்டாம். திருப்பிக் கேட்க ஆளில்லாமல் ராத்திரி முழுக்கத் தவிப்பார்.