ஆண்ட்வெர்ப் பிளான்டின்-மொரேட்டஸ் அருங்காட்சியகம்: அவசரப்படுகிறவர்கள் தவறவிடும் அச்சகம்

மறுமலர்ச்சிக் காலத்தைப் பார்க்க ஐரோப்பா போகிறவர்கள் பெரும்பாலும் ஃபுளோரன்ஸுக்கும் ரோமுக்கும்தான் டிக்கெட் போடுகிறார்கள். ஓவியமும் சிலையும் பார்க்க அது சரிதான். ஆனால் கிரேக்கமும் எபிரேயமும் படித்த அறிஞரின் வேலை எப்படி ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்தது, லூத்தருக்குப் பின் வந்த சமயச் சண்டையில் புத்தகம் என்ன பாடுபட்டது என்பதையெல்லாம் கண்ணால் பார்க்க வேண்டுமானால் பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப்புக்குத்தான் போக வேண்டும். அங்கே ஃப்ரைடாக்மார்க்ட் சதுக்கத்தில் ஒரு முழு அச்சகம், அதை நடத்திய குடும்பத்தின் வீட்டோடு சேர்த்து, அப்படியே நிற்கிறது.

கிறிஸ்டோஃப் பிளான்டின் பிரான்ஸ்காரர். ஆண்ட்வெர்ப்பில் புத்தகக் கட்டுநராகப் பிழைத்து, 1555இல் அச்சுத்தொழிலில் இறங்கினார். 1576இல் இந்த இடத்துக்கு வந்தார். அவருக்குப் பின் மருமகன் யான் மொரேட்டஸும் அவருடைய வாரிசுகளும் தலைமுறை தலைமுறையாக நடத்தி, 1876இல் வீட்டையும் உள்ளிருந்த அத்தனையையும் நகரத்துக்கு விற்றார்கள். அடுத்த ஆண்டே அருங்காட்சியகம் திறந்தது. இங்குள்ள வணிக ஆவணங்கள் 2001இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்ந்தன. 2005இல் கட்டடமும் உலகப் பாரம்பரியச் சின்னமானது. விற்றவர்கள் எதையும் பிரித்து ஏலம் விடவில்லை. இந்த இடத்தின் மதிப்பில் பாதி அதில்தான் இருக்கிறது.

உள்ளே போனதும் முதலில் வருவது வரவேற்பறைகள். திரைச்சீலைகள், முலாம் பூசிய தோல் ஒட்டிய சுவர்கள், ஆண்ட்வெர்ப் ஓவியர் ரூபென்ஸ் வரைந்த குடும்ப ஓவியங்கள். பலர் இங்கேயே முக்கால் மணி நேரம் நின்றுவிட்டு, அச்சகப் பகுதிக்கு வரும்போது களைத்துப் போகிறார்கள். இதைத் தலைகீழாகச் செய்வது நல்லது. வரவேற்பறைகளைப் பத்து நிமிடத்தில் கடந்து பின்கட்டுக்குப் போங்கள், ரூபென்ஸைத் திரும்பும்போது பார்த்துக்கொள்ளலாம். ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: யானின் மகன் பால்தசார் மொரேட்டஸ் ரூபென்ஸின் நண்பர், தன் நூல்களின் முகப்புப் பக்கங்களை அவரிடமே வரைந்து வாங்கினார். ரூபென்ஸ் அந்த வேலையை விடுமுறை நாளில்தான் செய்வார். வேலை நாளில் கேட்டால் கூலி பல மடங்காகும் என்று பால்தசாரே ஒரு வாடிக்கையாளருக்கு எழுதியிருக்கிறார்.

நேரம் கொடுக்க வேண்டிய முதல் அறை மெய்ப்பு (புரூஃப்) திருத்துநர் அறை. ஜன்னலை ஒட்டி ஒரு பெரிய ஓக் மேசை, எதிரெதிரே உட்கார இடம். பகல் வெளிச்சத்தை நம்பி நடந்த வேலை என்பது மேசை கிடக்கும் திசையிலேயே தெரிகிறது. கோர்னேலிஸ் கிலியான் ஏறத்தாழ 50 ஆண்டு இந்த நிறுவனத்தில் மெய்ப்புப் பார்த்தார். பார்த்துக்கொண்டே டச்சு மொழிக்கு அகராதியும் தொகுத்தார். பிளான்டினின் மகள் மக்தலேனாவுக்கு 13 வயதிருக்கும்போது எபிரேயம், சிரியாக், கிரேக்க மெய்ப்புகளைத் திருத்துநரிடம் கொண்டுபோய் மூலத்தைப் படித்துக் காட்டும் வேலை இருந்தது என்று தந்தை 1570இல் ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார்.

மெய்ப்பு வேலை எப்போதும் அவசரமாகவே நடந்தது, ஏன் என்பதற்கு விடை அடுத்த அறைகளில் கிடைக்கும். எழுத்துப் பெட்டிகள் அடுக்கிய அறையில் நின்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ஈய எழுத்து விலை உயர்ந்தது, ஒரு முழு நூலுக்கும் கோத்து வைக்க எந்த அச்சகத்திடமும் எழுத்து இருக்காது. எனவே ஒரு பாரம் (தாளின் ஒரு புறத்தில் ஒன்றாக அடிக்கும் பக்கங்களின் எழுத்துத் தொகுதி) கோத்து, மெய்ப்பு எடுத்து, திருத்தி, அடித்து முடித்த கையோடு எழுத்தைப் பிரித்துப் பெட்டியில் போட்டால்தான் அடுத்த பாரம் கோக்க முடியும். திருத்துநர் தாமதித்தால் எழுத்துக் கோக்கும் கம்பாசிட்டர் சும்மா நிற்பார், பொறியும் சும்மா நிற்கும். அதனால் பல நேரம் ஓட்டம் தொடங்கிய பிறகுதான் பிழை கண்ணில் படும். பொறியை நிறுத்திச் சரிசெய்துவிட்டு மீண்டும் அடிப்பார்கள். ஏற்கெனவே அடித்த தாளைத் தூக்கி எறிய மாட்டார்கள், தாள் அவ்வளவு விலை. அக்காலத்து ஒரே பதிப்பின் இரண்டு பிரதிகள் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகாததற்குக் காரணம் இதுதான்.

அச்சுக்கூடம் நீளமான அறை. பொறிகள் வரிசையாக நிற்கின்றன, கடைசியில் இருக்கும் இரண்டும் 1600ஐ ஒட்டிச் செய்தவை. உலகில் எஞ்சியிருக்கும் மிகப் பழைய அச்சுப் பொறிகள் இவைதான். எல்லோரும் அங்கே போய்ப் படம் எடுத்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். கொஞ்சம் குனிந்து, திருகுக்குக் கீழே தொங்கும் அழுத்துப் பலகையைப் பாருங்கள். அது பாரத்தில் பாதி அளவுதான். மரத் திருகின் அழுத்தம் முழுப் பாரத்துக்கும் போதாது. அதனால் பாரம் கிடக்கும் படுகையைப் பாதி உள்ளே தள்ளி ஒரு இழுப்பு, மீதியையும் தள்ளி இன்னொரு இழுப்பு. பிளான்டினிடம் ஒரு பொறிக்கு இரண்டு ஆள், நாளுக்கு 1,250 தாள், இரு பக்கமும். ஒரு பக்கத்துக்கு இரண்டு இழுப்பு என்றால் நாளுக்கு 5,000 இழுப்பு. கைப்பிடித் தண்டின் வழவழப்பைப் பார்க்கும்போது இந்த எண் நினைவில் இருக்கட்டும்.

செய்முறை நடக்கும் நாளில் போவது நல்லது. நடந்தால் கவனிக்க வேண்டியவை: மை தடவுவது ரோலரால் அல்ல, உள்ளே கம்பளி திணித்த தோல் பந்து இரண்டால். மை என்பது காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயில் புகைக்கரி குழைத்தது. பந்துகளை ஒன்றோடொன்று உருட்டிச் சமப்படுத்தாமல் தட்டினால் எழுத்தின் குழிகளில் மை அடைத்து ‘a’வும் ‘e’யும் கரும்புள்ளியாகிவிடும். தாளை முந்தின நாளே நனைத்து அடுக்கி வைப்பார்கள். உலர்ந்த தாள் மையைச் சரியாக வாங்காது, அதிகம் நனைந்த தாளில் எழுத்து பரவும். தாளைப் பிடிக்கும் சட்டத்தில் இரண்டு ஊசிமுனைகள் இருக்கும். முதல் பக்கம் அடிக்கும்போது விழுந்த துளையிலேயே மறுபக்கத்துக்கும் மாட்டினால்தான் இரு பக்க வரிகளும் முதுகோடு முதுகு பொருந்தும்.

சிவப்பும் கறுப்புமாக அடித்த பூசைப் புத்தகங்களை இதைப் பார்த்த பிறகு பாருங்கள். சிவப்புக்கு ஒரு தடவை, கறுப்புக்கு ஒரு தடவை என்று இரண்டு ஓட்டம். மற்ற இடத்தில் மை படாமல் மறைக்கச் சட்டத்தில் தாள் ஒட்டி, வேண்டிய இடத்தில் மட்டும் சன்னல் வெட்டுவார்கள். தாள் காய்ந்து சுருங்கினாலோ ஊசித்துளை தளர்ந்தாலோ சிவப்பு எழுத்து வரியை விட்டு மேலேறியோ இறங்கியோ நிற்கும். கண்ணாடிப் பேழையில் இருக்கும் நூல்களில் இந்தப் பிசகைத் தேடுவது நல்ல பொழுதுபோக்கு. பிளான்டின் வீட்டு வேலையில் அது அரிதாகத்தான் சிக்கும்.

அந்தப் பூசைப் புத்தகங்கள்தான் இந்த மாளிகைக்குச் சோறு போட்டவை. புராட்டஸ்டன்டுகளுக்குப் பதில் சொல்லக் கூடிய கத்தோலிக்க ஆயர்களின் டிரெண்ட் சங்கம் 1563இல் முடிந்தபின் கத்தோலிக்கத் திருச்சபை புதிய செபநூலை 1568இலும் புதிய பூசைநூலை 1570இலும் கொண்டுவந்தது. பழையவை செல்லாது என்றானதும் கோயிலுக்குக் கோயில் புதுப் பிரதி தேவைப்பட்டது. ஸ்பெயினுக்கும் அதன் குடியேற்றங்களுக்கும் அனுப்பும் உரிமையை, அப்போது நெதர்லாந்தையும் ஆண்ட ஸ்பெயின் அரசர் இரண்டாம் பிலிப்பு பிளான்டினுக்குக் கொடுத்தார். புராட்டஸ்டன்ட் சீர்திருத்தத்துக்கு ரோம் சொன்ன பதில் ஆண்ட்வெர்ப்பில் ஆர்டராக வந்து இறங்கியது.

ஆனால் ஆள் அவ்வளவு நேர்கோடு இல்லை. 1562இல் அவர் பாரிஸில் இருந்தபோது, அவர் கூடத்தில் ஊழியர்கள் திருட்டுத்தனமாக ஒரு புராட்டஸ்டன்ட் செபக் கையேட்டை அடித்தது பிடிபட்டு, உடைமை அனைத்தும் ஏலம் போயிற்று. அடுத்த ஆண்டு அவர் மறுபடி தொடங்கியபோது பணம் போட்ட கூட்டாளிகளில் கால்வினியர்கள், அதாவது புராட்டஸ்டன்டுகளில் ஒரு பிரிவினர், இருந்தார்கள். அவரே ‘அன்பின் குடும்பம்’ என்ற ரகசியச் சமயக் குழுவோடு தொடர்பு வைத்திருந்தார். 1570இல் பிலிப்பின் அரச தலைமை அச்சர். 1578இல் அதே பிலிப்பை எதிர்த்த நெதர்லாந்து மாநிலச் சபையின் அச்சர். 1583இல் லைடன் நகரத்துக்குப் போய்ப் புராட்டஸ்டன்ட் பல்கலைக்கழகத்துக்கு அச்சர். 1585இல் ஸ்பானியர் நகரத்தை மீட்டதும் திரும்பி வந்து மறுபடி கத்தோலிக்க அச்சர். கடைப்பகுதியில் தொங்கும், கத்தோலிக்கத் திருச்சபை தடைசெய்த நூல்களின் பட்டியலை இந்த வரலாறு தெரிந்து படிக்க வேண்டும். அந்தப் பட்டியல்களை அச்சிட்டவரும் அவர்தான்.

இந்த இரட்டை வாழ்க்கையின் விளைவுதான் பன்மொழி விவிலியம். கால்வினியக் கூட்டாளிகளால் சந்தேகம் விழுந்துவிடுமோ என்ற நிலையில், அரசருக்குத் தன் விசுவாசத்தைக் காட்ட அவர் முன்வைத்த திட்டம் அது. 1568 முதல் 1573 வரை வேலை, 8 பெருந்தொகுதிகள், எபிரேயம், அரமேயம், கிரேக்கம், சிரியாக், லத்தீன் என 5 மொழிகள். மேற்பார்வைக்கு பிலிப்பு அனுப்பியவர் பெனிட்டோ அரியாஸ் மொன்டானோ. விரித்து வைத்த பழைய ஏற்பாட்டுப் பக்கத்தின் முன் நின்றால் இப்படிப் படிக்கலாம்: இடப்பக்கம் எபிரேயமும் வழக்கிலிருந்த லத்தீனும், வலப்பக்கம் கிரேக்கமும் அதன் லத்தீன் பெயர்ப்பும், இரண்டுக்கும் அடியில் அரமேயமும் அதன் லத்தீனும். எபிரேயமும் அரமேயமும் வலமிருந்து இடம் ஓடும், மற்றவை இடமிருந்து வலம். அத்தனை பத்திகளும் ஒரே வசனத்தில் தொடங்கி ஒரே வசனத்தில் முடிய வேண்டும். ஒரு மொழி நீண்டால் அதைச் சின்ன எழுத்தில் கோப்பதா, மற்றதில் இடைவெளி விடுவதா என்று பக்கத்துக்குப் பக்கம் முடிவெடுத்திருக்கிறார்கள். முகப்புப் படத்தில் சிங்கமும் எருதும் ஓநாயும் ஆட்டுக்குட்டியும் ஒரே தொட்டியில் தின்கின்றன.

இந்த விவிலியத்தின் ஒரு பிரதியை 1580இல் இயேசு சபையினர் ஃபதேபூர் சிக்ரியில் அக்பருக்குக் கொடுத்தார்கள். அதன் செதுக்குப் படங்களை முகலாய ஓவியர்கள் பார்த்துத் தங்கள் பாணியில் வரைந்தார்கள். நம் ஊர் நூலகத்தில் முகலாய ஓவியத் தொகுப்பு ஏதாவது கிடைத்தால் முன்னதாகப் புரட்டிவிட்டுப் போங்கள்.

மாடியில் எழுத்து வார்ப்புக் கூடம். கரமோன், கிரான்ஷோன், வான் டென் கேரே போன்றவர்கள் கையால் செதுக்கிய எஃகு முளைகள் இந்த நிறுவனத்திடம் இருக்கின்றன. முளைகள் சுமார் 4,500, அவற்றை அடித்து எடுத்த செம்பு அச்சுகள் 15,000க்கு மேல். எஃகில் எழுத்தைத் தலைகீழாக அரம் போட்டு, விளக்குப் புகையில் காட்டித் தாளில் ஒற்றிச் சரிபார்த்து, பிறகு காய்ச்சிக் கெட்டியாக்கி, செம்பில் ஒரே அடி. அந்தச் செம்பைக் கைவார்ப்பில் பொருத்தி ஈயமும் வெள்ளீயமும் ஆன்டிமனியும் கலந்து ஊற்றினால் ஓர் எழுத்து. 1913இல் மோனோடைப் நிறுவனம் வெளியிட்ட பிளான்டின் எழுத்துரு இங்கிருந்த கிரான்ஷோனின் எழுத்தை வைத்துச் செய்தது. டைம்ஸ் நியூ ரோமன் அந்தப் பிளான்டினிலிருந்து கிளைத்தது. கல்லூரியில் புராஜெக்ட் ரிப்போர்ட் அடித்த எல்லோருக்கும் இந்த மாடியோடு உறவு உண்டு.

இனி நடைமுறை. திங்கட்கிழமை விடுமுறை. மத்திய ரயில் நிலையத்திலிருந்து டிராமில் க்ரூன்பிளாட்ஸ் நிறுத்தம், அங்கிருந்து சில நிமிட நடை. மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். பழைய தாளுக்காக வெளிச்சத்தை மங்கலாக வைத்திருக்கிறார்கள், படிக்கும் கண்ணாடியை மறந்துவிட்டுப் போனால் பாதி நூல் வீண். சுவரில் விளக்கம் குறைவு, எனவே நுழைவில் கிடைக்கும் வழிகாட்டிக் கையேடு கட்டாயம். சமயப் போர் பற்றி அடிப்படையாவது தெரியாமல் போகிறவருக்குத் தடைப்பட்டியலும் பூசைநூலும் வெறும் பழைய தாளாகத்தான் படும், இங்கே அது பெரிய குறை. குறுகிய படிகளும் கிறீச்சிடும் பலகைத் தரையும் கொண்ட பழைய வீடு என்பதால் முட்டிவலிக்காரர்கள் முன்கூட்டியே விசாரிக்கட்டும். சின்னப் பிள்ளைகள் அச்சுக்கூடத்தில் மகிழ்வார்கள், நூலகத்தில் தூங்கிவிடுவார்கள்.

நூலகத்தில், ஐரோப்பாவின் மிகப் பழைய அச்சு நூல்களில் ஒன்றான 36 வரி விவிலியம் காட்சிக்கு இருந்தால் விடாதீர்கள். ஓவியத்துக்காக வருகிறவர்கள் பக்கத்திலுள்ள அன்னை மரியா பேராலயத்துக்கும் நடந்து போகலாம். பிளான்டின் அங்கேதான் அடக்கம், யான் மொரேட்டஸின் கல்லறைக்கு ரூபென்ஸ் வரைந்த உயிர்ப்பு ஓவியமும் அங்கேதான். போக வழியில்லாதவர்களுக்கு ஒரு நல்ல செய்தி: இந்த வீட்டின் மரச் செதுக்குக் கட்டைகள் சுமார் 14,000ஐயும் அருங்காட்சியகம் இணையத்தில் இலவசமாகத் தரவிறக்கம் செய்ய விட்டிருக்கிறது. அட்டைப்படத்துக்குச் செடிகொடி படம் தேடும் பதிப்பகத்தார் அதில் முதலில் தேட வேண்டியது டோடோன்ஸ், லோபெல், க்ளூசியஸ் ஆகியோரின் தாவர நூல்களுக்குச் செதுக்கிய கட்டைகளை.