தள்ளுபடிச் சீட்டுக்காக நாங்கள் கொடுத்த ஐந்து மணி நேரம்

ஃபுளோரிடாவில் உள்ள ஒர்லாண்டோவுக்குக் குழந்தைகளோடு செல்லத் திட்டமிட்டிருப்பவர்கள், அங்கே 192ஆம் நெடுஞ்சாலையின் இருமருங்கிலும் ‘சுற்றுலாத் தகவல் மையம்’ என்ற பலகையோடு நிற்கும் சிறு கடைகளில் டிஸ்னி கேளிக்கைப் பூங்காச் சீட்டு வாங்குவதற்கு முன் இதைப் படித்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். 2024 ஜூலையில் நாங்கள் அப்படி ஒரு கடையின் படியேறியதன் விளைவாக, இரண்டாண்டு காத்திருந்து வந்த பூங்கா நாளின் பாதியை ஒரு விற்பனைக் கூடத்தில் தொலைத்தோம். அது போதாதென்று, எங்களுக்குத் தேவையே இல்லாத ஒரு விடுதி அறை உரிமைக்குப் பத்தாண்டு தவணை கட்டுவதாகக் கையெழுத்தும் இட்டோம். கடையின் பெயரையோ விடுதியின் பெயரையோ இங்கே எழுதவில்லை. அதே முறையில் பிழைப்பு நடத்தும் கடைகள் அந்தச் சாலையில் பல இருக்கின்றன.

முதலில் எங்கள் நிலையைச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கக் குடும்பங்களை வருமான வரிசையில் நிறுத்தினால் சரியாக நடுவில் நிற்கும் குடும்பத்தின் ஆண்டு வருமானம் 2023இல் 80,610 டாலர் என்று அந்நாட்டுக் கணக்கெடுப்புத் துறை சொல்கிறது. நாங்கள் அதற்குச் சற்றே மேலே இருப்பவர்கள். இந்தப் பயணத்துக்கென்று இரண்டு ஆண்டுகளில் 4,200 டாலர் சேர்த்திருந்தோம். மகனுக்கு ஆறு வயது, மகளுக்கு நான்கு. வால்ட் டிஸ்னி வேர்ல்டைச் சேர்ந்த மேஜிக் கிங்டம் பூங்காவில் 1975 முதல் ஓடிக்கொண்டிருக்கும் ‘ஸ்பேஸ் மவுன்டன்’ என்ற இருட்டு ரோலர் கோஸ்டரில் ஏற 44 அங்குல உயரம் வேண்டும் என்று எங்கோ கேட்டறிந்த மகன், சமையலறைக் கதவின் நிலையில் பென்சிலால் ஒரு கோடு போட்டுவைத்துக்கொண்டு, வாரந்தோறும் வந்து அதன் கீழ் நின்று பார்ப்பான். அந்த ஆண்டு மே மாதத்தில்தான் அவன் தலை கோட்டைத் தொட்டது.

வால்ட் டிஸ்னி வேர்ல்டு 1971 அக்டோபரில் திறக்கப்பட்டபோது பெரியவர்களுக்கான நுழைவுக் கட்டணம் மூன்றரை டாலர் என்பதைக் காட்டி, அந்தக் காலத்தில் யார் வேண்டுமானாலும் போக முடிந்ததே என்று பெருமூச்சு விடுபவர்கள் உண்டு. அந்த ஒப்பீடு முழுக்கச் சரியன்று. அப்போது வாசலைத் தாண்டுவதற்கு மட்டும்தான் அந்தக் கட்டணம். ஒவ்வொரு சவாரிக்கும் ‘ஏ’ முதல் ‘ஈ’ வரை தரம் பிரித்த தனிச்சீட்டு கிழிக்க வேண்டியிருந்தது, 1982இல்தான் அந்த வழக்கம் ஒழிந்தது. என் வருத்தம் விலை ஏறியதைப் பற்றியதன்று. முன்பு சீட்டுக்குள்ளேயே அடங்கியிருந்தவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்துத் தனி விலை வைத்ததைப் பற்றியது. 1999 முதல் இலவசமாக இருந்து வந்த வேக வரிசை 2021 அக்டோபரில் கட்டண வரிசையாகத் திரும்பி வந்தது. விமான நிலையத்திலிருந்து டிஸ்னி விடுதிகளுக்கு ஓடிய இலவசப் பேருந்து 2022 ஜனவரியோடு நின்றது. 2016க்குப் பிறகு ஒருநாள் சீட்டின் விலையும் நாளைப் பொறுத்து மாறுகிறது. பள்ளிக்கு விடுமுறை விடும் நாட்களில்தான் அது உயரத்தில் இருக்கிறது, பள்ளி செல்லும் பிள்ளைகளை வைத்திருப்பவர்களோ அந்த நாட்களில்தான் வர முடியும். மூன்று வயது நிறைந்த குழந்தைக்கும் சீட்டு வேண்டும், பத்து வயதானால் பெரியவர் விலை. எங்கள் நால்வருக்கும் ஒருநாள் சீட்டு வரியோடு 660 டாலரை ஒட்டி வந்தது. இப்படிக் கூட்டிக் கூட்டிக் களைத்துப்போன மனத்தோடு வருபவர்களை எதிர்பார்த்துத்தான் அந்த நெடுஞ்சாலைக் கடைகள் கதவைத் திறந்துவைத்துக் காத்திருக்கின்றன.

கடைக்குள் போகலாம் என்று சொன்னவள் நான்தான்; கணவர் தயங்கினார். உள்ளே இருந்த பெண்மணி நான்கு சீட்டுகளையும் சேர்த்து 200 டாலருக்குத் தருவதாகச் சொன்னார். அதற்கு ஈடாக, மறுநாள் காலை எட்டரை மணிக்குப் பக்கத்திலுள்ள ஒரு விடுதிக்குச் சென்று, சிற்றுண்டி சாப்பிட்டுக்கொண்டே தொண்ணூறு நிமிடம் ஓர் ‘அறிமுகக் கூட்டத்தில்’ உட்கார வேண்டும், பத்தரை மணிக்கெல்லாம் பூங்காவில் இருக்கலாம், எதுவும் வாங்க வேண்டிய கட்டாயம் இல்லை என்றார். கணவன் மனைவி இருவரும் ஒன்றாக வர வேண்டும், இருவரின் அடையாள அட்டையும் ஒரு கிரெடிட் கார்டும் கையில் இருக்க வேண்டும், ஆண்டு வருமானம் இவ்வளவுக்கு மேல் இருக்க வேண்டும் என்று அவர் ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டார். ஒன்றும் விற்கப்போவதில்லை என்பவருக்கு என் வருமானமும் என் கணவரின் கார்டும் எதற்கு என்ற கேள்வி எனக்கு அந்த இடத்திலேயே எழுந்திருக்க வேண்டும். எழவில்லை. வருகையை உறுதிசெய்ய 40 டாலர் முன்பணம் கேட்டார், கூட்டம் முடிந்ததும் திரும்பக் கிடைக்கும் என்றார், கொடுத்துவிட்டு வந்தோம். ‘டைம்ஷேர்’ என்ற சொல் அவர் வாயிலிருந்து ஒருமுறைகூட வரவில்லை.

அறியாதவர்களுக்காக அதை விளக்கிவிடுகிறேன். விடுதி அறை ஒன்றை ஆண்டில் ஒரு வாரமோ அதற்கு ஈடான புள்ளிகளோ பயன்படுத்தும் உரிமையை முன்கூட்டியே பெருந்தொகைக்கு விற்பதுதான் டைம்ஷேர். வாங்கியவர் அறைக்குப் போனாலும் போகாவிட்டாலும் ஆண்டுதோறும் பராமரிப்புக் கட்டணம் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். வேண்டாமென்று விற்க நினைத்தால் வாங்கிய விலையில் சிறு பங்குகூடத் தேறுவது கடினம்.

மறுநாள் காலை எங்களுக்கென்று ஒதுக்கப்பட்டவர் மிகவும் இனிமையானவர். முதல் ஒரு மணி நேரம் அவர் எதையும் விற்கவில்லை. கடைசியாக எப்போது விடுமுறை எடுத்தோம், எவ்வளவு செலவானது, பிள்ளைகள் எவ்வளவு வேகமாக வளர்கிறார்கள் என்றெல்லாம் விசாரித்தார். பிறகு ஒரு மாதிரி அறையைச் சுற்றிக் காட்டினார். தொண்ணூறாவது நிமிடம் முடிந்தபோது நாங்கள் அந்த அறையின் குளியல் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். விலை பேச்சு பத்தே முக்காலுக்குத்தான் தொடங்கியது. அவர் ஒரு வெற்றுத் தாளை எடுத்து, தடித்த பேனாவால் 24,900 என்று எழுதி, தாளை எங்கள் பக்கமாகத் திருப்பிவைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் இருந்தார். நாங்கள் முடியாது என்றதும் மேலாளர் வந்தார், அதைக் கோடிட்டு அடித்துவிட்டு 18,500 என்று எழுதினார். அதற்கும் முடியாது என்றதும் இன்னொருவர் வந்தார். அவர் எழுதியது 13,900. இந்த விலை இன்றைக்கு மட்டும்தான், இந்தக் கதவைத் தாண்டினால் கிடையாது என்றார். இடையிடையே கூடத்தின் வேறொரு மூலையில் யாரோ வாங்கிவிட்டார்கள் என்று கைதட்டல் எழும், எல்லாரும் திரும்பிப் பார்ப்போம். என் மகள் காலையிலேயே அடம்பிடித்து மாட்டிக்கொண்ட எலிக்காதுப் பட்டையோடு நாற்காலியில் சாய்ந்து தூங்கிவிட்டாள். மகன் என் காதருகே வந்து, “அம்மா, தொண்ணூறு நிமிஷம் இன்னும் ஆகலையா?” என்று கேட்டான்.

படித்தவர்கள் எப்படி ஏமாந்தீர்கள் என்று பின்னர் பலர் கேட்டார்கள். எங்களை வீழ்த்தியது அந்த விலைப் பட்டியலன்று. பூங்காச் சீட்டுகள் அவர்களுடைய மேசை இழுப்பறையில் இருந்தன, அவர்கள் எழுந்து போகச் சொன்னால்தான் அவை எங்கள் கைக்கு வரும். குழந்தைகளோ பசித்தும் சலித்தும் அழும் நிலைக்கு வந்துவிட்டார்கள். அத்தோடு, விடுமுறையை ‘ஆண்டுதோறும் செலவழிக்கிறீர்கள், சொந்தமாக்கிக்கொள்ளவில்லை’ என்று அவர்கள் சொன்னது, சேமித்துச் சேமித்துப் பழகிய எங்களுக்கு நியாயமாகவே பட்டது. மாதம் 225 டாலர்தான் என்றார்கள். 1,390 டாலர் முன்தொகையைக் கார்டில் எடுத்துக்கொண்டு, மீதி 12,510 டாலரை 17.9 விழுக்காடு வட்டியில் பத்தாண்டுக் கடனாக எழுதியிருந்தார்கள். மாதம் 225 என்றால் பத்தாண்டில் 27,000 டாலர் என்ற பெருக்கலை, கடையில் தக்காளி வாங்கும்போதுகூடக் கணக்குப் பார்க்கும் நான், அன்று போடவில்லை. ஆண்டுக்கு 980 டாலர் பராமரிப்புக் கட்டணம் இதில் சேராது.

வெளியே வந்தபோது மணி ஒன்று ஐம்பது. காரை நிறுத்த 30 டாலர் கட்டி, பிறகு ஏரியைக் கடக்கும் படகுக்குக் காத்திருந்து, பூங்காவின் வாயிலுக்குள் நுழையும்போது மூன்றரை ஆகிவிட்டது. சீட்டுகள் உண்மையானவைதான், ஆனால் அந்த ஒரு நாளுக்கு மட்டுமே செல்லுபடியாகும் வகையில் வாங்கப்பட்டிருந்தன. களைத்துவிட்டோம், நாளை வருகிறோம் என்று திரும்பவும் வழியில்லை. ஃபுளோரிடாவின் ஜூலை மாதத்தில் பிற்பகல் இடிமழை அன்றாட நிகழ்ச்சி என்பது அங்கு வாழ்பவர்களுக்குத் தெரியும். நாலரைக்கு முதல் இடி இடித்ததும் திறந்தவெளிச் சவாரிகளை நிறுத்தினார்கள். அவற்றில் நின்றிருந்த கூட்டம் முழுவதும் கூரைக்குள் ஓடும் சவாரிகளை நோக்கித் திரண்டது. ஸ்பேஸ் மவுன்டன் வாசலில் காத்திருப்பு நேரம் 95 நிமிடம் என்று காட்டியது. காலையிலேயே வந்திருந்தால் முதல் ஒரு மணி நேரத்தில் சிறிய வரிசையில் முடித்திருக்கக்கூடிய சவாரி அது.

இரவு எட்டு மணிக்கு மேல் கணவரும் மகனும் அந்த வரிசையில் நிற்க, தூங்கும் மகளை மடியில் கிடத்திக்கொண்டு நான் எதிரே ஒரு பெஞ்சில் உட்கார்ந்தேன். பையில் அந்த விடுதி கொடுத்த பளபளப்பான கோப்பு இருந்தது. விளக்குக் கம்பத்தின் வெளிச்சத்தில் அதை முதல் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்கினேன். கையெழுத்திடும்போது ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் விரலை வைத்து “இங்கே, இங்கே” என்று காட்டிக்கொண்டே போன மனிதர், கையெழுத்துக்கு மேலேயே அச்சிடப்பட்டிருந்த ஒரு பத்தியை உள்ளங்கையால் மறைத்தபடியே திருப்பினார் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட நாளிலிருந்தோ, சட்டப்படி தர வேண்டிய ஆவணங்களில் கடைசி ஆவணம் கைக்கு வந்த நாளிலிருந்தோ, எது பிந்தியதோ அதிலிருந்து பத்து நாட்களுக்குள், எந்த அபராதமும் இன்றி ஒப்பந்தத்தை ரத்து செய்யலாம் என்று அந்தப் பத்தி சொன்னது. மகன் ஒன்பதரை மணிக்கு வெளியே ஓடிவந்து, உள்ளே நட்சத்திரங்கள் இருந்தன என்று சொன்னான். நான் பத்து நாட்களை விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன்.

இதே நிலையில் இருப்பவர்கள் இந்தப் பத்தியைக் கவனமாகப் படியுங்கள். ஃபுளோரிடா சட்டம் தரும் அந்தப் பத்து நாட்கள் நாட்காட்டி நாட்கள்; சனி, ஞாயிறும் அதில் அடங்கும். இந்த உரிமையை விட்டுக்கொடுப்பதாக உங்களிடம் யாரேனும் எழுதி வாங்கியிருந்தாலும் அது செல்லாது. ஆனால் ரத்து எழுத்து மூலம் இருக்க வேண்டும், ஒப்பந்தத்தில் குறிப்பிட்டுள்ள முகவரிக்குத்தான் போக வேண்டும். தொலைபேசியில் பேச முயன்ற எனக்கு, சலுகைகளை விளக்க ஒருவர் திரும்ப அழைப்பார் என்ற பதிலே இருமுறை கிடைத்தது. அந்த அழைப்புகளுக்காகக் காத்திருந்தால் பத்து நாட்கள் ஓடிவிடும். நான்காம் நாள், ஒப்பந்த எண், இருவர் பெயர், கையெழுத்திட்ட தேதி, ரத்து செய்கிறோம் என்ற ஒரே வாக்கியம், இருவரின் கையெழுத்து ஆகியவற்றோடு பதிவுத் தபாலில் அனுப்பி, அஞ்சல் முத்திரையிட்ட ரசீதைப் பத்திரப்படுத்தினோம். காரணம் எதையும் எழுதவில்லை. காரணம் எழுதினால் அதற்குப் பதில் பேச ஒருவர் வருவார். நான்காவது வாரத்தில் 1,390 டாலர் கார்டுக்குத் திரும்பியது.

அதே சாலையில் வேறொரு கடையில், இன்னும் இரண்டு நாள் மிச்சமிருக்கும் பலநாள் சீட்டு என்று அரை விலைக்கு ஒன்றை நீட்டினார்கள். அதை நாங்கள் வாங்காமல் தப்பியது முழுக்க அதிர்ஷ்டம். ஒருவர் பாதி பயன்படுத்திய பலநாள் சீட்டை இன்னொருவருக்கு விற்பது ஃபுளோரிடாவில் குற்றம். டிஸ்னி வாயிலில் முதல் நாளன்று எடுத்த விரல் பதிவோடு சீட்டை ஒப்பிடுவதால், வாங்கியவர் குழந்தைகளோடு வாசலிலேயே நிற்க நேரும்.

சரி, தள்ளுபடியில் 460 டாலர் மிஞ்சியதே என்று கணவரின் நண்பர் ஒருவர் சமாதானம் சொன்னார். அந்தக் கணக்கையும் போட்டுப் பார்த்தேன். காலை ஒன்பது முதல் இரவு பத்து வரை பதின்மூன்று மணி நேரம் திறந்திருக்கும் பூங்காவுக்கு 660 டாலர் என்றால், நாங்கள் இழந்த ஆறரை மணி நேரத்தின் விலை 330. கூட்டம் முடிந்ததும் தருவதாகச் சொன்ன 40 டாலரையும் கழித்தால் மிஞ்சுவது 90. இரண்டு பெரியவர்கள் ஐந்து மணி இருபது நிமிடம் அந்த மேசையில் உட்கார்ந்து ஈட்டியது அதுதான். ஆளுக்கு மணிக்கு ஒன்பது டாலர்கூடத் தேறவில்லை. அப்போது ஃபுளோரிடாவில் குறைந்தபட்சக் கூலியே 12 டாலர்.

அந்த 40 டாலருக்குக் கடையில் கேட்டபோது விடுதியைக் கேட்கச் சொன்னார்கள், விடுதியில் கேட்டபோது கடையைக் கேட்கச் சொன்னார்கள். ரசீது இன்னும் என்னிடம் இருக்கிறது.